துணை ஆளுநரின் துணை ஆட்டக்காரன்

மனிதனுக்கு மனிதன் துணை நிற்பதற்காக உலகம் இதுவரை கண்டுபிடித்த ஏற்பாடுகளில், திருமணத்துக்கு அடுத்தபடி மேன்மையானது ஆண்கள் இரட்டையர் டென்னிஸ்தான். திருமணத்தைவிடவும் ஒரு படி மேல் என்பது சரிதால் மாகாண நிர்வாகத்தின் கருத்து. திருமணத்தில் ஜோடியை மாற்ற வேண்டுமென்றால் நீதிமன்றம் ஏற வேண்டும். இரட்டையரில் துணை ஆளுநர் ஆசைப்பட்டால் போதும்.

துணை ஆளுநர் செரிக்பாய் ஆசைப்பட்டார். சரிதாலில் முதன்முறையாகச் சர்வதேசத் தொழில்முறைப் போட்டி நடக்கவிருந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், தொலைக்காட்சி வருகிறது, கஜகஸ்தான் முழுவதும் பார்க்கப் போகிறது. இதில் மாகாண நிர்வாகத்தின் பங்கு வெறும் ரிப்பன் வெட்டுவதோடு நின்றுவிடலாமா?

மிராஸும் ஒல்ஜாஸும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒரே ஜோடி. வலைக்கு அருகில் ஒருவன் குறுக்கே பாய்ந்தால் மற்றவன் ஒரு வார்த்தை பேசாமல் அந்த இடத்தை நிரப்பிவிடுவான். உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய நேரடி நுழைவான வைல்டு கார்டு இவர்களுக்குத்தான் என்பது கோர்ட்டைப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். முதல் சுற்றில் ஜெயிக்கும் உள்ளூர் ஆட்டக்காரரைக் குளிர்காலம் முழுக்க ஐரோப்பாவில் ஆட அனுப்புவதாக டென்னிஸ் சம்மேளனம் வேறு அறிவித்திருந்தது. மிராஸ் கனவிலும் விமானம் ஏறிக்கொண்டிருந்தான்.

போட்டி இயக்குநர் கைரொல்லா அவனைத் தேநீருக்கு அழைத்தார்.

"மிராஸ், நல்ல சேதி. உன் ஜோடி மாறுது."

"ஒல்ஜாஸுக்கு என்ன ஆச்சு அகா?" அகா என்றால் அண்ணன்; வயதிலும் பதவியிலும் பெரியவர்கள் எல்லோரும் அங்கே அகாதான்.

"அவனுக்கென்ன, பதவி உயர்வு! 'கௌரவக் காத்திருப்பாளர்' ஆக்கியிருக்கோம். அவன் இடத்துல செரிக்பாய் அகா ஆடுறாரு."

"அவருக்கு அம்பத்தெட்டு வயசு!"

"வயசுன்னு சொல்லாத, அனுபவம்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல அவர் ஒரு தடவைகூடத் தோத்ததில்ல, தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? ஆளுநர் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் கோர்ட்டில் அவரை எதிர்த்து ஆடுபவர்கள் நீர்வளத் துறைத் தலைவரும் கால்நடைத் துறைத் தலைவரும். பந்தை அவருடைய வலது கைக்கு, இடுப்பு உயரத்தில், மெல்ல அனுப்பிவைக்கும் நுட்பத்தில் இருவரும் கைதேர்ந்தவர்கள். கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து உள்ளே விழுந்ததாகப் பதிவாகும். வலையில் விழுந்தால் அது 'பயிற்சிப் பந்து'. இந்த முறையைப் பின்பற்றினால் யாரும் உலகச் சாம்பியன் ஆகலாம். செலவு ஒரு மாகாணம்தான்.

"ஜெயிச்சாலும் தோத்தாலும் ஐரோப்பாவுக்கு உன் பேரை அகாவே சொல்லுவாரு," என்றார் கைரொல்லா. தேநீர் ஆறுவதற்குள் மிராஸ் சம்மதித்துவிட்டான்.

ஒல்ஜாஸ் உடைமாற்றும் அறையில் ராக்கெட்டுக்குக் கைப்பிடி நாடா சுற்றிக்கொண்டிருந்தான்.

"நீ சரின்னுட்டியா?"

"பெரியவருடா. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"வாயாலதான்."

மிராஸ் ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான். ஒல்ஜாஸ் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். காத்திருப்போர் வரிசையில் பெயர் கொடுக்க, ஜோடி இல்லாமல் வந்திருந்த ஒரு கிர்கிஸ்காரனைத் தேடிப் போனான்.

பயிற்சி தொடங்கியது. நம் மக்களின் பண்பாடு எவ்வளவு உயர்ந்தது என்பது அப்போதுதான் டென்னிஸ் உலகுக்குத் தெரியவந்தது. பெரியவர் நடக்கும் வழியில் சின்னவன் குறுக்கே போகக் கூடாது. பெரியவருக்கு முதுகு காட்டவும் கூடாது. அகா பின்னாலிருந்து சர்வீஸ் போட, வலை அருகே நிற்கும் மிராஸ் எதிராளியைப் பார்ப்பதா, அகாவைப் பார்ப்பதா? நன்கு யோசித்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் நின்றான்.

"நடுவுல வர்ற பந்து யாருது?" என்று கேட்டார் செரிக்பாய்.

"உங்களுது அகா."

"ஓரத்துல வர்றது?"

"அதுவும் உங்களுதுதான் அகா."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"பார்த்துக் கத்துக்குவேன் அகா."

"இந்தப் பையன் உருப்படுவான்," என்றார் செரிக்பாய்.

முதல் சுற்றில் அவர்களை எதிர்க்கவிருந்தவர்கள் ஒரு போலந்துக்காரனும் ஒரு போர்ச்சுகல்காரனும். நம் வழக்கங்கள் தெரியாத அப்பாவிகள், ஜெயித்துத் தொலைத்துவிட்டால்? முந்தின நாள் மதியம் கைரொல்லா அவர்களுக்கு விருந்து வைத்தார். பூவேலை செய்த சப்பான் அங்கிகளை இருவர் தோளிலும் போர்த்தினார். குதிரை இறைச்சித் தொத்திறைச்சியை மலையாகக் குவித்தார். புளித்த குதிரைப்பால் குமிஸைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினார். மனமுருகிப்போன போலந்துக்காரன், அகாவுக்குச் சில கேம்களை விட்டுக்கொடுப்பதாகக் கைரொல்லாவின் காதில் சொன்னான். ராஜதந்திரம் வென்றது.

பிறகு வேகவைத்த ஆட்டுத்தலை வந்தது. முதல் மரியாதை செரிக்பாய்க்கு. அவர் கத்தியை எடுத்து ஒரு காதை அறுத்து மிராஸிடம் நீட்டினார். பெரியவர் சொல்வதைச் சின்னவன் கேட்டு நடக்க வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது அந்தக் காது. மிராஸ் இரண்டு கையாலும் வாங்கி மென்று தின்றான். வாசலருகே கடைசி இருக்கையில் இருந்த ஒல்ஜாஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை போலந்தும் போர்ச்சுகலும் கழிவறையை விட்டு வெளியே வர இயலாத நிலையில் இருந்தன. நம் விருந்தோம்பல் அப்படி.

"எதிரிங்க வரலைன்னா நாங்க ஜெயிச்சதா அர்த்தம்தானே?" என்று கைரொல்லா ஆவலோடு கேட்டார். மேற்பார்வைக்கு வந்திருந்த லாட்வியா நாட்டு அம்மாள் சிரிக்கவேயில்லை. காத்திருப்போர் வரிசையில் முதலில் இருக்கும் ஜோடி ஆடும் என்றார். முதலில் இருந்தவர்கள் ஒல்ஜாஸும் கிர்கிஸ்காரனும்.

கைரொல்லா ஒல்ஜாஸைத் தனியே இழுத்துப் போனார். "நீ நம்ம பையன். பெரியவங்ககிட்ட மரியாதையா நடந்துக்கத் தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியும் அகா. ஒரு குறையும் வராது."

அவன் வாக்குத் தவறவில்லை. அகாவை நோக்கிப் போடும் ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்னும் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலைகுனிந்து, "உங்க அனுமதியோட, அகா," என்றான். செரிக்பாய் பெருந்தன்மையாகத் தலையசைப்பார். அனுமதி பெற்ற பந்து அவரைக் கடந்து போய்ப் பின்சுவரில் மோதும். அது மட்டுமா? பெரியவர் நிற்கும்போது சின்னவனுக்குப் பந்து கொடுப்பது முறையா? விதிப்படி மிராஸுக்குப் போட்டாக வேண்டிய சர்வீஸ்கள் போக, ஒல்ஜாஸ் அடித்த பந்தெல்லாம் அகாவுக்கே போயிற்று. அவரும் ஞாயிற்றுக்கிழமைப் பந்து இடுப்பு உயரத்தில் வருமென்று ஒவ்வொரு முறையும் நம்பிக் காத்திருந்தார்.

விடுப்புக் கொடுத்து அழைத்துவரப்பட்ட அரசு ஊழியர்களால் பார்வையாளர் மாடம் நிரம்பி வழிந்தது. அகாவின் சர்வீஸ் வலையில் விழுந்தபோது கால்நடைத் துறை எழுந்து நின்று கைதட்டியது. அடுத்ததும் விழுந்தபோது நீர்வளத் துறை "அற்புதம்!" என்று கத்தியது. மிராஸ் நண்டு நிலையில் நின்று கற்றுக்கொண்டிருந்தான்.

இரண்டாம் செட்டின் நடுவில் ஒரு பந்து வந்தது. ஒல்ஜாஸ் அடித்ததுதான். வேகமில்லை, சூழ்ச்சியில்லை, வலைக்கு மேலே, கோர்ட்டின் நடுவே, மிதந்து வந்தது. பள்ளி நாளிலிருந்து ஆயிரம் முறை மிராஸ் குறுக்கே பாய்ந்து அடித்து முடித்த அதே பந்து. அடித்தவன் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனையே பார்த்தான். மிராஸின் வலது கால் தானாகவே தரையை விட்டுக் கிளம்பியது.

"ம்!" என்றார் பின்னாலிருந்து செரிக்பாய்.

கால் திரும்பி வந்தது. மிராஸ் தலையைக் குனிந்து பெரியவருக்கு வழிவிட்டான். பெரியவர் நகரவில்லை. இருவருக்கும் நடுவில் பந்து ஒரு முறை குதித்தது, இரண்டாம் முறையும் குதித்தது, உருண்டு போய் ஓரத்தில் நின்றது. ஒல்ஜாஸ் அதற்குப் பிறகு மிராஸின் பக்கம் திரும்பவேயில்லை. அகாவின் ஜோடிக்கு ஒரு கேம்கூடக் கிடைக்காமல் ஆட்டம் முடிந்தது.

மாலையில் மாகாண நிர்வாகத்தின் செய்திக்குறிப்பு வந்தது. துணை ஆளுநர் சர்வதேசப் போட்டியின் முக்கியச் சுற்றில் பங்கேற்று வரலாறு படைத்தார் என்றது முதல் வரி. 'கூட்டாளியின் பகுதியில் ஏற்பட்ட சில குறைபாடுகளால்' வெற்றி தள்ளிப்போயிற்று என்றது இரண்டாம் வரி. அகா யார் பெயரையும் யாரிடமும் சொல்லவில்லை. ஐரோப்பாவுக்கு ஒல்ஜாஸைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சம்மேளனம் அறிவித்தது.

போட்டி முழுவதும் முடிந்த மறுநாள் மிராஸ் உடைமாற்றும் அறைக்குப் போனான். ஒல்ஜாஸ் பையை மூடிக்கொண்டிருந்தான்.

"கிர்கிஸ்காரன் ஊருக்குப் போறானாமே," என்றான் மிராஸ். "அங்க உனக்கு ஒரு ஜோடி வேணுமில்லடா? நாமதான் எப்பவும் சேர்ந்து..."

ஒல்ஜாஸ் பையைத் தோளில் மாட்டினான்.

"விருந்துல காது உனக்குத்தானே கிடைச்சுது? அதால நல்லாக் கேட்டுக்கோ. அன்னிக்கு நாங்க ரெண்டு பேரை எதிர்த்து ஆடலடா, அகா ஒருத்தரை எதிர்த்துத்தான் ஆடினோம். அந்தப் பக்கம் இன்னொரு ஆள் இருந்திருந்தா நாங்க தோத்திருப்போம்."