பாயாசம் ஒரு காரணமா?

திருடர்களைப் பற்றி எழுத ஆளிருக்கிறது. திருடன் ஏன் திருடினான் என்று சொல்லித் திரிகிறவரைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். ஒரு சைக்கிள் காணாமல் போகட்டும். பறிகொடுத்தவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவார், இவர் டீக்கடைக்கு ஓடுவார். சைக்கிள் எங்கே என்று இவருக்குத் தெரியாது. அது எதற்கு? எடுத்தவனுக்கு ஐந்து வயதில் என்ன நடந்தது என்று தெரியுமே!

எழுபதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரில் இந்த இனத்துக்குக் குறைவற்ற மாதிரியாக ஒருவர் நடமாடினார். கோட்டைச்சாமி. சிலமலையில் கிணற்றுத் தோட்டம். காலையில் மோட்டாரைப் போட்டு, மடையைத் திருப்பிவிட்டு, ஆழமான பக்கப் பைகள் வைத்த வெள்ளை ஜிப்பாவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். போடியில் என்ன சோலி? ஏலக்காய்க் கடைகளில் உட்கார்ந்து மனித மனத்தை ஆராய்வது.

அவருடைய கல்வி மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் தொடங்கி அங்கேயே முடிந்தது. குற்றவாளிகளின் மனம் பற்றிய புத்தகம். அட்டையும் இல்லை, பின்பாதியும் இல்லை. முன்பாதியில் கொள்கைகள் இருந்தன. தாய்ப்பாசம் கிடைக்காதவன் திருடுவான். கெட்ட சகவாசத்தில் கற்றுக்கொண்டவன் திருடுவான். ஆசையை அடக்கத் தெரியாதவன் திருடுவான். இவற்றில் எங்கெங்கே ஓட்டை என்பது பின்பாதியில் இருந்திருக்க வேண்டும். அதில் யாரோ வடை மடித்துவிட்டார்கள்.

ராசிங்காபுரத்தில் பம்புசெட் மோட்டார் களவு போனதா?

"அவனுக்கு அப்பன் கெடையாதுல்ல, அதான்."

அப்பன் இருக்கிறானே என்றால், "அடிச்சே வளர்த்திருப்பான், அதான்."

கை நீட்டாத தங்கமான மனிதன் என்றால், "பாத்தியா, செல்லம். அதான்."

எந்தக் கம்பியில் வைத்தாலும் ஒரே அளவைக் காட்டும் மீட்டரை எலெக்ட்ரீஷியன் தூக்கிப் போடுவான். கோட்டைச்சாமி அதைத்தான் நம்பகமான மீட்டர் என்று நினைத்தார்.

அவருடைய பலத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு சந்தை நாளில் ஆட்டுக்குட்டி திருடியவனை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து, நாலு பேர் கையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். "பொறுங்கப்பா, இவன் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு மொதல்ல பாப்போம்" என்று நடுவில் புகுந்தார் கோட்டைச்சாமி. முதல் கொள்கையில் கூட்டம் கேட்டது. இரண்டாவதில் கொட்டாவி விட்டது. மூன்றாவது பாதி நடக்கையில் சின்னமனூர் பஸ் வந்துவிட்டது. கடைசியில் கம்பத்தடியில் மிஞ்சியவர்கள் மூவர்: அவர், திருடன், ஆட்டுக்குட்டி. திருடனுக்கு அன்று அடி விழவில்லை. ஒரு டீ கிடைத்தது. மனோதத்துவத்தின் மாபெரும் பலம் அது. நீளமானது.

அந்தப் பெருமை ஆறுவதற்குள் முத்துப்பேச்சி விவகாரம் வந்தது.

அவருடைய சிநேகிதர் வெள்ளைத்துரைக்கு ஏலக்காய்க் கிட்டங்கி, அதாவது குடோன். மலை மெட்டுக்கு மேலே எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப்பில் மூட்டைகள் வந்து இறங்கும். பெண்கள் முறத்தில் கொட்டி, பச்சையும் பருமனும் தனியாக, வெளுத்ததும் வெடித்ததும் தனியாகப் பொறுக்குவார்கள். சாயங்காலம் வாசலில் நின்று ஒவ்வொருத்தியும் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

வந்துபோகும் பெரிய மனிதர்களுக்கு வேறு வழக்கம். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, முகர்ந்து, ஒன்றை நசுக்கி வாயில் போட்டு, "சரக்கு பரவாயில்ல" என்று தலையாட்டி, மிச்சத்தை... திரும்ப மூட்டையில் போட்டால் மரியாதையாக இருக்குமா? பைக்குள் போகும். அதற்குச் சாம்பிள் என்று பெயர். கோட்டைச்சாமி ஏலக்காய் வாங்குகிறவரும் இல்லை, விற்கிறவரும் இல்லை. ஆனாலும் தினமும் நாலு கடைச் சரக்கின் தரம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்று முத்துப்பேச்சி மடியை உதறினாள். ஒரு பிடி ஏலக்காய் கொட்டியது.

"நாளையிலருந்து வராத" என்றார் வெள்ளைத்துரை. "ஒன் தங்கச்சி அன்னக்கொடியையும் கூட்டிட்டுப் போயிரு."

இரண்டு வீட்டு அடுப்பு ஒரே வார்த்தையில் அணைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோட்டைச்சாமி கையை உயர்த்தினார்.

"பொறு மாப்ளே. வெரட்டுறது பெரிய காரியமா? ஏன் எடுத்தான்னு பாக்கணும்ல? சொல்லு தாயி, சின்னப் பிள்ளையில ஆத்தா ஒன்மேல பாசமா இருந்தாளா?"

"இப்பவும் பாசந்தேன். காலையிலகூட வெளக்கமாத்தத் தூக்கிட்டு வந்தா."

"சரி. எதுக்கு எடுத்த?"

"பாயாசத்துக்கு."

"அது மேல தெரியிற காரணம். அடியில என்ன இருக்கு?"

"அடியில சேமியாதேன் இருக்கும்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு மருமகன் மொத மொதல்ல வீட்டுக்கு வர்றாருண்ணே. விடிஞ்சு அடையிற வரைக்கும் என் மூக்குல ஏலக்காதேன் ஏறுது. எம் பாயாசத்துல மட்டும் வெந்நி வாசம் வந்தா அசிங்கமா இல்லையா?"

கோட்டைச்சாமி தலையை ஆட்டினார். புத்தகத்தில் பாயாசம் இல்லை.

"அதே ஆத்தா பெத்ததுதான அன்னக்கொடி? அவ எடுக்கலையே?" என்றார் வெள்ளைத்துரை.

"அவ ஆசைய உள்ள அடக்கி வச்சிருக்கா மாப்ளே. அது இதைவிட ஆபத்து."

"அடி ஆத்தி!" என்றாள் அன்னக்கொடி. "எடுக்காததும் குத்தமா?"

முத்துப்பேச்சி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"நான் போறேன் மொதலாளி. என் மடிய ஒதறிட்டேன். அண்ணனும் ஒருக்கா ஒதறிக் காட்டட்டும்."

கிட்டங்கியில் முறங்கள் நின்றன. கோட்டைச்சாமிக்குக் கோபம் வரவில்லை. ஆராய்ச்சிக்குப் பயப்படுகிறவரா அவர்? "இந்தா, பாத்துக்க" என்று இரண்டு பைகளையும் வெளியே இழுத்துவிட்டார்.

கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. பருமன், பொடி, பச்சை, வெளுப்பு என்று நாலு கடைச் சரக்கு. முத்துப்பேச்சியின் பிடியைப் பக்கத்தில் வைத்தால் அது குஞ்சு.

"அது சாம்பிளு" என்றார் வெள்ளைத்துரை அவசரமாக.

"வீட்டுல பாயாசமாண்ணே?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி. கேலியா அக்கறையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கோட்டைச்சாமி குவியலைப் பார்த்தார். தாய்ப்பாசமா? மீசை முளைத்த பிறகும் ஆத்தா ஊட்டிவிட்ட பிள்ளை அவர். ஆசையா? அவருக்கு ஏலக்காய் அவ்வளவாகப் பிடிக்காது. மனைவி ஜக்கம்மாள்தான் தினமும் சட்டைப்பையைக் காலி செய்து டப்பாவில் போட்டுவைப்பாள். சகவாசமா? சுற்றிலும் பார்த்தார். வெள்ளைத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீட்டரின் முள் முதல்முறையாக அசையவில்லை.

"மாப்ளே" என்றார் தாழ்ந்த குரலில். "பாயாசத்துக்கு எடுத்தா பாயாசந்தேன் காரணம். எனக்கு அதுகூட இல்ல. என்னை உள்ள உக்கார வச்சுக்கிட்டு அவளை வெளிய அனுப்பாத."

வெள்ளைத்துரை கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தார். பிறகு, "நாளைக்கு மருமகனுக்குப் பொங்கிப் போடு. மறுநா ரெண்டு பேரும் வெரசா வந்து சேருங்க" என்றார். போகும்போது முத்துப்பேச்சி எந்தக் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளினாள் என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டாம் என்று பார்த்துக்கொண்டார்கள்.

கோட்டைச்சாமி திருந்தினாரா? மறுநாளே டீக்கடையில் புதுக் கொள்கையோடு வந்து இறங்கினார். "அந்தப் புத்தகத்துல தப்பு எங்க இருக்கு தெரியுமா? வாசல்ல ஒதறிக் காட்டினவங்களை மட்டும் வச்சு எழுதிட்டான்யா!" அது என்னவோ நல்ல கொள்கைதான். சொல்லிவிட்டு எழுந்து, வழக்கம்போல் முதல் கடையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார்.

அவர் காலமான பிறகு ஜிப்பாக்களைத் துவைத்தார்கள். அழுக்கெல்லாம் போயிற்று; பைகளில் ஏலக்காய் மணம் மட்டும் போகவில்லை. மறுபடி துவைக்க வேண்டாம் என்று ஜக்கம்மாள் சொல்லிவிட்டாள். காரணம் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள். கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள், தெரிகிறது. தேவையில்லாத ஏலக்காயை ஒரு மனிதர் ஏன் தினமும் அள்ள வேண்டும், மீசை முளைத்த பிறகும் ஊட்டிவிட்டார்களாமே, ஒருவேளை அதனால்தான்... மெதுவாக. முதலில் உங்கள் பையை ஒருமுறை உதறிவிட்டு வாருங்கள்.