சந்தையில் வாங்கிய பீர்ப்பெட்டி

வாடை ஏரியைக் கடந்து வந்தது. மேப்பிள் மரங்கள் தம் செம்பொன் முழுவதையும் துறந்து, நோன்பிருப்போர் போல் வெறுங்கையராய் நின்றன. மில்வாக்கி நகரத்துப் புகைபோக்கிகள் சாம்பல் வானுக்குத் தூபம் காட்டின. உயிர்கள் யாவும் அடங்கித் தத்தம் வீட்டின் வெதுவெதுப்பை நினைந்திருந்த அந்த நவம்பர் ஞாயிற்றில், நோர்பர்ட் மட்டும் தம் வீட்டுக் கீழ்த்தளத்தில் நுரை சொட்டச் சொட்ட நின்றார்.

அவரை நனைத்தது, மாதாகோயில் கூரையைப் பழுதுபார்க்க ஆண்டுதோறும் வசந்தத்தில் நடக்கும் பழம்பொருள் சந்தையில் வாங்கிய பீர்ப்பெட்டி. உள்ளே பீப்பாய் குளிரும். பெட்டியின் தலைமேல் உள்ள குழாயைச் சாய்த்தால் பீர் வரும். வரவேண்டும். வந்ததெல்லாம் நுரை.

இன்னும் சற்று நேரத்தில் பேத்தியின் ஞானஸ்நான விருந்து. "யாரும் பீர் கொண்டுவராதீங்க, நானே ஊத்தறேன்" என்று கோயில் வாசலில் அறிவித்தவர் அவரே. கேட்டவர்கள் ஏனோ தரையைப் பார்த்துக்கொண்டார்கள். வியப்பில் வாயடைத்துவிட்டார்கள் என்று அவர் எண்ணினார். மனைவி டோலரஸ் மட்டும் நிபந்தனை விதித்தாள்: இன்று ஒரு குவளையாவது ஒழுங்காக வராவிட்டால் கீழ்த்தளம் அவளுடைய தையலறை. ஒளிந்துகொள்ள அவருக்கு இப்பூமியில் வேறிடம் கிடையாது.

பீரை மேலே தள்ளும் வாயுவின் அழுத்தத்தைக் குறைத்தார். பீர் கழுநீராய் வந்தது. கூட்டினார். குழாய் சீறி, சுவரிலிருந்த மாமியார் படத்தை நீராட்டியது. நுரைக்குக் காரணம் சூடு என்று எங்கோ படித்தது நினைவுக்கு வர, குளிரைக் கடைசிவரை திருகினார். உள்ளே குழல் உறைந்தது. வெந்நீர் ஊற்றினார். இணைப்பே கழன்றது. தம் அறிவின் ஆழத்தைத் தாமே வியந்தபடி அதை மீண்டும் மாட்டினார்.

"ஏங்க, அளவெடுக்க டேப்போட வரட்டுமா?" மேலிருந்து டோலரஸின் குரல்.

"கொஞ்சம் பொறு. இப்ப சரியாயிடும்."

"ஜன்னலுக்கு நீலத் திரை போட்டுக்கறேன்."

விருந்தினர் வந்தார்கள். டோலரஸின் தம்பி ஜெரோம் பனிக்கட்டிப் பெட்டி நிறைய பீர் டின் கொண்டுவந்தான். பக்கத்து வீட்டு வெர்னன் தரை துடைப்பத்தோடு வந்தார். நோர்பர்ட்டுக்கு மனம் சுட்டது.

"மச்சான், இடது பக்கம் ஒரு தட்டு தட்டுங்க, அடங்கும்" என்றான் ஜெரோம்.

தட்டினார். அடங்கியது, பிறகு முன்னிலும் பொங்கியது.

"பாத்த உடனேயே கண்டுபிடிச்சிட்டியாக்கும்?"

ஜெரோம் கூரையைப் பார்த்தான்.

இறுதியில் பங்குத்தந்தை காசிமிர், மழையில்லாத நாளில் மழைக்கோட்டு அணிந்து, தீர்த்தச் செம்போடு படியிறங்கினார்.

"ஃபாதர், இனிமே என்னால ஆகாது. நீங்கதான் ஒரு ஜெபம் சொல்லணும்."

நோர்பர்ட் தம் சட்டைக் கையால் குழாயை மெல்லத் துடைத்தார். ஈரத்தரையில் முழங்காலிட்டுத் தலை தாழ்த்தினார். அவர் கேளாமலே ஜெரோமும் வெர்னனும் தொப்பியைக் கழற்றி அவரருகே மண்டியிட்டார்கள். பங்குத்தந்தை பெட்டியின்மேல் தீர்த்தம் தெளித்துக் கைவிரித்தார்.

"ஆண்டவரே, ஆண்டுதோறும் எங்கள் சந்தைக்கே காணிக்கையாகத் திரும்பிவந்து கோயில் கூரையைக் காக்கும் இந்தப் பெட்டியை ஆசீர்வதியும். ஜெரோமையும் வெர்னனையும் பாவியாகிய என்னையும் தேற்றியதுபோல் நோர்பர்ட்டையும் தேற்றியருளும். வரும் வசந்தத்தில் இதை வாங்கப்போகிறவருக்கு உமது சமாதானத்தைத் தாரும். ஆமென்."