நாவலை மந்திரித்த கதை

"நான் ரத்தம் குடிக்கிறவளாடி? சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

பாசிங் அத்தை குடையைக்கூட மடக்கவில்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு அப்படியே கூடத்துக்குள் வந்துவிட்டாள். கேட் கிறீச்சிட்ட சத்தம் கேட்டுத் தலையை அவசரமாக வாரிக்கொண்டு ஓடி வந்த மரிவிக்குக்கு, அத்தையைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. அவள் எதிர்பார்த்தது வேறு ஆளை.

"உக்காருங்க அத்தை..."

"உக்கார வரல. இதப் படி."

அத்தை நீட்டியது மரிவிக் எழுதிய நாவல். முதல் நாவல், வெளிவந்து இன்னும் மை வாசனை போகவில்லை. ஒரு பக்கத்தின் மூலை முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது. கதையில் வரும் கிழவி ஒருத்தி ராத்திரியில் இடுப்போடு இரண்டாகப் பிரிந்து, மேல்பாதி மட்டும் பறந்துபோய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளின் ரத்தம் குடிக்கிற பக்கம் அது.

"அத்தை, அது கதையில வர்ற அஸ்வாங்..."

"கதையில வர்ற அஸ்வாங்குக்கு எதுக்குடி என் மூக்கு? அடுத்த மாசம் பொண்ணுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு பக்கத்து மாகாணம், இலோய்லோ. நம்ம கபீஸ் அஸ்வாங் ஊராம், இங்க பொண்ணெடுத்தா ஜன்னலச் சாத்திட்டுத்தான் தூங்கணும்னு ஏற்கெனவே கிண்டல். இப்ப நீ எழுதியே குடுத்துட்ட!"

எங்கள் கபீஸில் ஒருத்தியைத் திருடி என்று சொன்னால் கூட அவள் மறுவாரம் பேசிவிடுவாள். அஸ்வாங் என்றால் அவ்வளவுதான், பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரான மரிவிக்குக்கு இது தெரியாதா? ஆனால் மணிலா பதிப்பாசிரியர் விடவில்லை. "கபீஸ்காரி எழுதுற நாவல்ல அஸ்வாங் இல்லாம எப்படி மேடம்? மூணு தலைமுறைக் கதை, இன்னும் இருட்டு வேணும்" என்று போனில் கழுத்தை அறுத்தார்.

இருட்டுக்கு அவள் எங்கே போவாள்? வாய் ஓயாமல் தின்றும் பாடியும் திரிகிற குடும்பம் அது. அதில் நடந்த மகா பாவமே, கல்யாண வீட்டில் அடுத்தவர் பங்குப் பன்றித்தோலை யாரோ எடுத்துத் தின்றதுதான். அதனால் ஒருத்தரிடம் மூக்கு, ஒருத்தரிடம் மச்சம் என்று கடன் வாங்கி, ஒருவருக்கொருவர் விஷம் வைத்துத் தீ வைத்துச் சாகும்படி எழுதித் தீர்த்தாள்.

நிஜமான இருட்டு ஒன்றே ஒன்றுதான். அண்ணன் அர்செனியோ.

அம்மாவை அடக்கம் பண்ணிய வாரமே, இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் அப்பாவின் படகை விற்றுவிட்டான். "ஓட்டைப் படகு, வெச்சு என்ன பண்றது?" என்றான். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றாள் இவள். மிதிக்கவில்லை. ஏழு வருஷமாக ஆற்றுக்கு அந்தக் கரையில்தான் இருக்கிறான். அவன் வீட்டுத் தகரக்கூரை இவள் அடுப்படி ஜன்னலில் தெரியும். காலையில் அங்கே புகை எழும்பினால்தான் இவளுக்குக் காப்பி தொண்டையில் இறங்கும்.

வா என்று கூப்பிட ஆசை. வாய்தான் வரவில்லை. அதற்காகத்தான் நாவலே எழுதினாள். அதில் அப்பாவையும் படகையும் சேர்த்துக் கொளுத்துகிற பாதகன் ஒருவன் வருவான். வெட்டுப்பட்ட புருவம், எந்நேரமும் சீட்டி, மாங்காயை இறால் விழுதில் தொட்டுத் தின்கிற பழக்கம், எல்லாம் அப்படியே அண்ணன். பேர் மட்டும் வேறு. படித்தால் கொதித்துப்போய் ஓடி வருவான். சண்டை போடவாவது வரட்டும். போட்டு முடித்ததும் சோறு போடலாம். அவள் இலக்கியம் மொத்தமும் அவ்வளவுதான்.

ஊரில் புத்தகம் விற்கிற ஒரே கடை டெலியாவுடையது. மெழுகுவத்தியும் செருப்பும்கூட அங்கேதான். பதிப்பகம் அனுப்பிய கட்டு ஒரே நாளில் காலி. "ஒண்ணுகூட மிச்சமில்ல டீச்சர்!" என்று டெலியா சொன்னபோது மரிவிக் தரையில் நடக்கவில்லை. ஆனால் அக்கரையிலிருந்துதான் யாரும் வரவில்லை. அத்தைதான் வந்தாள்.

"அது நீங்க இல்ல அத்தை" என்றாள் மரிவிக். "கதையில அவளுக்கு மோவாயில மச்சம். உங்களுக்கு இருக்கா?"

அத்தை மோவாயைத் தடவிப் பார்த்தாள். "எனக்கு ஏது? சாரிங்குக்குத்தான்... அட, சாரிங்கா!"

மரிவிக் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

மறுநாள் சாரிங் சித்தி ஒரு சட்டியோடு வந்தாள். கக்கத்தில் நாவல்.

"நண்டுல விஷம் வெச்சு நாத்தனாரக் கொன்னவ நான். சரி. தேங்காப்பால் நண்டு இந்த ஊர்ல வேற யாரு வெக்கிறா, படிச்ச உடனே தெரிஞ்சு போச்சு, பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கிட்டேன். இப்ப அஸ்வாங்கும் நான்தான்னு பாசிங் ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றா. ரெண்டு வேலையையும் ஒருத்தியே எப்படிடி செய்வா? எனக்குத் தூங்க வேணாமா?"

"சித்தி..."

"இந்தா, இது விஷமில்லாத நண்டு. தின்னுட்டுப் பதில் சொல்லு."

நண்டு பிரமாதம். கையை நக்கிக்கொண்டே மரிவிக் புத்தகத்தைப் பார்த்தாள். விஷம் வைக்கிற பக்கத்தில் அதே முக்கோண மடிப்பு.

"புத்தகத்த இப்படியா சித்தி மடிக்கிறது?"

"நான் எங்க மடிச்சேன்? பார்சல்ல வந்தப்பவே மடிச்சுத்தான் இருந்துச்சு. நீதானே அனுப்பின?"

இவள் அனுப்பவில்லை. மணிலாக்காரர்கள் விளம்பரத்துக்காக என்னென்னவோ செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த நண்டுக்காலை உடைத்தாள்.

"விஷம் வெச்சது நீங்க இல்ல சித்தி. பெர்டிங் மாமா. யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு கவுன் மாட்டி விட்டேன்."

சித்தி சமாதானமாகப் போனாள். நேராக பெர்டிங் மாமா வீட்டுக்குத்தான் போனாள் என்பது, சாயங்காலம் மாமா கண் கலங்க வந்து நின்றபோது தெரிந்தது.

"எனக்குக் கவுன் மாட்டினியாமே? அது கூடப் போகட்டும் தாயி. நாலே வரியில என்னக் கொன்னுட்டியே!" மடித்த பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "கள்ளு குடிச்சாரு, மீன்குளத்துல விழுந்தாரு, செத்தாரு. அவ்வளவுதானா நானு? பாசிங்குக்கு ரெண்டு அத்தியாயம். உனக்கு சைக்கிள் கத்துக் குடுத்தது பாசிங்கா, நானா?"

"நீங்கதான் மாமா."

"ஒரு அழுகாச்சியாவது வெச்சிருக்கலாமில்ல? குளத்துல விழுந்தவனுக்கு ஒருத்தரும் அழலியே!"

வாரக் கடைசிக்குள் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். ஆளுக்கொரு புத்தகம், ஆளுக்கொரு மடிப்பு. ஒவ்வொருவரிடமும் "நீங்க இல்ல, அவர்" என்று இன்னொருவரைக் காட்டிக் காட்டி, கடைசியில் காட்டுவதற்குக் குடும்பத்தில் ஆளே மிஞ்சவில்லை. சண்டைக்கு வந்தாலும் வெறுங்கையோடு யாரும் வரவில்லை, எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது. அடுப்படி நிறையப் பலகாரம். கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் மரிவிக் சீப்பை எடுத்தாள். வராதவனுக்காக வாரி வாரி முடி கொட்டியதுதான் மிச்சம்.

பாசிங் அத்தைதான் தீர்ப்புச் சொன்னாள். "ஃபாதரக் கூப்பிடு. புத்தகத்த மந்திரிக்கட்டும். எங்க மேலயும் தீர்த்தம் தெளிக்கட்டும். அஸ்வாங்கா இருந்தா பொசுங்கிடுமில்ல? மாப்பிள்ளை வீட்டாளுங்களும் வந்து பாக்கட்டும்!"

புது மோட்டார் சைக்கிளை மந்திரிக்கிறோம், மீன்வலையை மந்திரிக்கிறோம், நாவலுக்கு மட்டும் என்ன வந்தது?

ஞாயிற்றுக்கிழமை தூறலோடு விடிந்தது. கூடம் கொள்ளாத கூட்டம். வாசலில் முழுப்பன்றி வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் இலாரியோ வந்தார். கூடவே ஓர் ஆள் பெரிய கறுப்புக் குடையைத் தாழ்த்திப் பிடித்து அவரைக் கொண்டுவந்து விட்டான். மரிவிக் ஃபாதரின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்களும் உள்ள வாங்க, ஏன் நனையறீங்க?" என்று குடைக்கும் சேர்த்துச் சொன்னாள். குடை அசையவில்லை. வாசப்படிக்கு வெளியிலேயே நின்றது.

ஃபாதர் முதலில் நாவலின் மேல் தீர்த்தம் தெளித்தார். அடுத்து பாசிங் அத்தை மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். பொசுங்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை வெற்றியோடு ஒரு சுற்றுப் பார்த்தவள், வாசலைப் பார்த்ததும் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். தீர்த்தத்தின் மகிமை என்று எல்லோரும் நினைத்தோம்.

சாரிங் சித்தி தன் மேல் இரண்டு பழி என்பதால் இரண்டு தரம் தெளிக்கச் சொன்னாள். பெர்டிங் மாமா, குளத்தில் விழுந்து செத்த தன் ஆத்மாவுக்காக ஒரு ஜெபம் கேட்டு வாங்கினார். மாப்பிள்ளையின் அம்மா நண்டை மூன்றாம் தரம் போட்டுக்கொண்டு பக்குவம் கேட்டாள். கல்யாணம் உறுதி.

எல்லோருடைய குறையும் தீர்ந்தது. மரிவிக் மட்டும் அடுப்படிக்குப் போய் ஜன்னலோரம் நின்றாள். அக்கரைக் கூரையில் இன்றைக்குப் புகை இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மெழுகுவத்தி கொண்டுவந்த டெலியா பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

"என்ன டீச்சர், அழறீங்க?"

"ஊரையே கூட்டிட்டு வந்துருச்சு டெலியா, என் புத்தகம். வர வேண்டிய ஒருத்தரத் தவிர. எங்கண்ணன் வையறதுக்காவது வருவாருன்னு நெனச்சேன். எங்க படிச்சிருக்கப் போறாரு!"

டெலியா கையிலிருந்த மெழுகுவத்தித் தட்டைக் கீழே வைத்தாள்.

"என் கடையில இருந்த அத்தனையையும் வாங்கினதே அவருதான் டீச்சர். ஒண்ணு விடாமப் படிச்சு, அவங்கவங்க பக்கத்த மடிச்சு, சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் பார்சல் போட்டாரு, 'எல்லாரும் சண்டைக்குப் போகட்டும், கூட்டத்தோட கூட்டமா நானும் போயிடறேன்'னு. இப்ப குடையப் பிடிச்சுக்கிட்டு வெளியில நிக்கிறாரு, வாசப்படிய மிதிக்கலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."