முழங்கையில் சிக்கிய கட்டுரை

கட்டுரை தலைக்குள் பிறக்கிறது என்று இத்தனை காலம் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அது முழங்கையில் பிறக்கிறது என்று பசிபிக் கடலின் சவாயீ தீவிலுள்ள வைதோலு கிராமத்துக்கு வந்து சொன்னவர் ஃபிலிப்போ. பிறந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறதாம். எண்ணெய் விட்டு உருவினால் விரலுக்கு இறங்கிவிடுமாம்.

சமோவாவில் சுளுக்குக்கும் வாயுவுக்கும் உருவிவிடுகிறவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. ஆங்கிலக் கட்டுரைக்கு உருவிவிடுகிறவர் இவர் ஒருவர்தான். தலைநகர் ஆப்பியாவிலிருந்து கப்பலேறி வந்திருந்தார். பள்ளி இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வைத்தியருக்கு நாள் பார்க்கத் தெரிந்திருந்தது.

காலை ஆறு மணிக்கே மகளிர் குழுக் கொட்டகை வாசலில் வரிசை தொடங்கி, தேவாலயத்தைச் சுற்றி, கடலுக்குள் இறங்கிவிட்டது. அலை ஏறியபோதும் யாரும் இடத்தை விடவில்லை. கடைசி ஆள் நீந்திக்கொண்டே காத்திருந்தார். அந்த நேரத்தில் இரண்டு மீனும் பிடித்தார் என்கிறார்கள். ஒரு மீன் என்று சொல்பவர்களும் உண்டு. மிகைப்படுத்துவது நமக்குப் பிடிக்காது, ஒன்று என்றே வைத்துக்கொள்வோம்.

ஃபிலிப்போ கூலி வேண்டாம் என்றார். வேண்டாம் என்றவருக்குக் கொடுக்காமல் திரும்பினால் சமோவாவில் குடும்ப மானம் கப்பலேறிவிடும். ஆகவே அவர் முதுகுக்குப் பின்னால் நெய்த பாய்களும் டின் மீன் பெட்டிகளும் கூரை வரை ஏறின. வெளியே மூன்று பன்றிகள் கட்டுண்டு கிடந்தன. தங்களுக்கும் ஆங்கிலக் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த ஊரில் யோசித்த ஜீவன்கள் அவை மட்டுமே.

நான்காவது பன்றி பெலெநாத்தோவின் வீட்டில் இருந்தது. சினைப் பன்றி. பெலெநாத்தோ பஸ் ஓட்டுகிறவர். அவர் மகள் மதலேனா போன வருடம் எல்லாப் பாடத்திலும் தேறி, ஆங்கிலக் கட்டுரையில் மட்டும் விழுந்தவள். இந்த முறை தேறினால் ஆப்பியாவில் நர்ஸ் படிப்பு. விழுந்தால் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் மாமா வேலை செய்கிற ஆலையில் மீனை டின்னில் அடைக்கும் வேலை. மாமா ஏற்கெனவே ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்துவிட்டார்.

"கைய நீட்டிட்டு உக்காந்தா போதும்மா. உனக்கு என்ன கொறஞ்சிடும்?" என்றார் அப்பா.

"பன்னி கொறையும்ப்பா."

"பன்னி இன்னொண்ணு பொறக்கும். பரீட்ச இன்னொண்ணு பொறக்குமா?"

மதலேனா போனாள். நம்பிக்கை பாதி, பூட்ஸ் பயம் பாதி. ஃபிலிப்போ அவள் கையைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"ம். முன்னுரை தோள்ல நிக்குது. நடுப்பகுதி முழங்கையில கட்டி தட்டிப் போச்சு. முடிவுரை மணிக்கட்டு வரைக்கும் வந்து, பயந்து திரும்பியிருக்கு."

"மாஸ்டர், நான் இடது கையால எழுதறவ. நீங்க பிடிச்சிருக்கிறது வலது கை."

ஃபிலிப்போ கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும். அதான் கேஸ் கஷ்டமா இருக்கு. தூரம் ஜாஸ்தி."

உருவும்போது ஒரு ஜபம் சொல்லச் சொன்னார். நாற்பது தடவை. ஜபம் இப்படிப் போயிற்று: தலைவர்களுக்கு வணக்கம், அவர்களின் குலப் பட்டங்களுக்கு வணக்கம், போதகருக்கும் அவர் மனைவிக்கும் வணக்கம். இந்தத் தலைப்பு நம் எல்லோரையும் பற்றியது. இதை நல்லது என்பவர் உண்டு, கெட்டது என்பவரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆண்டவர் நம்மை வழிநடத்துவாராக.

"பரீட்சையில இதுவே தானா வழிஞ்சு வரும். தலைப்ப மட்டும் மேல எழுதிடாத. எண்ணெ உறஞ்சிடும்" என்றார்.

முப்பதாவது தடவை சொல்லும்போது மதலேனாவுக்குப் போன வருடத்து மாதிரித் தேர்வுத் தாள் நினைவுக்கு வந்தது. அதன் அடியில் ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'எல்லாரையும் வணங்கியாயிற்று. பதில் எங்கே?' அப்போது அவளுக்கு அது புரியவில்லை. வணங்காமல் வாயைத் திறப்பது எப்படி? அவள் ஊரில் ஒருவன் பேச எழுந்தால், அவன் என்ன சொன்னான் என்று யாரும் கேட்பதில்லை. யார் பட்டத்தை விட்டுவிட்டான் என்றுதான் கேட்பார்கள். நாற்பதாவது தடவையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. வைத்தியர் விற்பது அவள் தோற்ற அதே கட்டுரையைத்தான். எண்ணெய் மட்டும்தான் புதிது.

வீட்டுக்கு வந்து, "அப்பா, சனிக்கிழமை வரைக்கும் பன்னிய அவுக்காதீங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை ஃபிலிப்போ ஊருக்கு முன்னால் தன் வித்தையைக் காட்ட ஏற்பாடு. தலைமை துயிலோமா. ஊரின் சபைப் பேச்சாளர். மூன்று மணி நேரம் பேசி, அதில் ஒரு பட்டத்தைக்கூட விடாதவர். கூட்டமே மூன்று தலைப்பு சொன்னது. சிமிக்கு ரக்பி. ரூத்தாவுக்குக் கடற்கரைத் தடுப்புச் சுவர். யாக்கோப்போவுக்குப் பள்ளியில் செல்போன். மூவருக்கும் உருவிவிட்டார். மூவரும் நிறுத்தாமல், யோசிக்காமல், ஒரே வேகத்தில் எழுதினார்கள். அதிலும் யோசிக்காமல் எழுதியதைப் பார்த்துத்தான் கூட்டம் வாயைப் பிளந்தது.

மூன்றையும் வாசித்தார்கள். ஒரு பட்டம்கூட விடுபடவில்லை. துயிலோமாவின் பட்டம் மூன்று தாளிலும் முதலில் வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதலேனா எழுந்தாள். "மாஸ்டர், ஒரு சின்ன சந்தேகம்." மூன்று தாள்களையும் வாங்கிக் கலைத்து, ஒன்றை எடுத்து, எழுத்து யாருக்கும் தெரியாதபடி பிடித்து, மறுபடி முழுதாக வாசித்தாள். "இது எந்தத் தலைப்பு?"

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகரின் மனைவி செல்போன் என்றார். அவர் தங்கை ரக்பி என்றார். இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

ஃபிலிப்போ சிரித்தார். "கடல் சுவர்."

"எப்படி சொல்றீங்க?"

"அலை மாதிரி ஓடுது பாரு."

சிமி மெதுவாகக் கையைத் தூக்கினான். "மாஸ்டர், அது என்னோடது. ரக்பி."

பின்வரிசையில் யாரோ, "பந்து கடல்ல விழுந்திருக்கும்" என்றார்.

"தலைப்பு உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது" என்றார் ஃபிலிப்போ.

"பேப்பர் திருத்தறவங்களுக்கும் சாதாரணக் கண்ணுதான் மாஸ்டர்."

துயிலோமா இருமினார். அவர் இருமினால் ஊர் அடங்கும். "ரூத்தா, உன்னக் கேக்கறேன். சுவர் வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாம் ஐயா" என்றாள் ரூத்தா. இந்த முறை யாரும் அவளை உருவிவிடவில்லை. "பக்கத்து ஊர்ல சுவர் கட்டினதும் மணல் போயிடுச்சு. சிப்பி பொறுக்க எடம் இல்ல. சுவத்துல மோதுற தண்ணி நம்ம பக்கம் திரும்புது. நாம அலையாத்தி மரம் நடலாம். ஆஸ்பத்திரிக்கு முன்னால மட்டும் சுவர் வேணும். மரம் வளர்றதுக்குள்ள அந்தக் கட்டடம் போயிடும்."

மதலேனா ரூத்தாவின் தாளைத் திருப்பி, அவள் சொன்னதைச் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டிருந்தாள். வேண்டாம். மணல், சிப்பி. திரும்பும் தண்ணீர். மரம். ஆஸ்பத்திரி மட்டும் விலக்கு. தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"பேனாவ ஓட விடறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு வரி. மொதல்ல 'வேண்டாம்'னு சொல்லிடணும். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பத்தி, அதுக்குள்ள ஒரு சாட்சி. இவ பேசினதுல எந்த வரியக் கேட்டாலும் சுவரப் பத்தினதுன்னு சொல்லிடலாம்."

துயிலோமா தாளை வாங்கிப் பார்த்தார். "இதுல எங்க பட்டமெல்லாம் எங்க வரும்?"

"வராது ஐயா."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட."

துயிலோமா தாளை மடியில் வைத்தார்.

"திருத்தறவன் எந்த ஊரு?"

"தெரியாது ஐயா."

"சரி. எந்த ஊருன்னே தெரியாதவன் கிட்ட நம்ம பேர எதுக்கு வீணாக்கணும்" என்றார் துயிலோமா.

ஆப்பியாவில் அவசரமாக ஒரு முழங்கை காத்திருப்பதாக ஃபிலிப்போவுக்கு அந்த நிமிடமே நினைவு வந்தது. சாமான் சுமக்க எட்டு வாலிபர்களை அனுப்பினார் துயிலோமா. அவர்கள் மிகவும் உழைப்பாளிகள். பாய், பெட்டி, பன்றி ஒன்று விடாமல் சுமந்து, கொடுத்தவர்கள் வீட்டிலேயே இறக்கிவிட்டார்கள். வைத்தியர் எண்ணெய்ப் புட்டியோடு கப்பலேறினார்.

மதலேனா தேர்வு வரை கண்ணில் பட்டதற்கெல்லாம் ஐந்து வரி எழுதினாள். அப்பாவின் பஸ்ஸுக்கு எழுதினாள், கப்பல் தாமதத்துக்கு எழுதினாள். தேர்வில் குடிநீரைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். யாரையும் வணங்காமல் முதல் வரியிலேயே பதிலை எழுதினாள். பிப்ரவரியில் நர்ஸ் படிப்புக்கு ஆப்பியா போனாள். பாகோ பாகோ மாமா பூட்ஸைத் தானே போட்டுக்கொண்டார்.

வைதோலுவில் அந்த வாரம் நூற்றுப் பத்து முழங்கைகள் உருவப்பட்டன. ஒவ்வொரு முழங்கைக்கும் ஒன்றரை அடி மேலே ஒரு தலை இருந்தது. அதை வைத்தியரும் தொடவில்லை, ஒருத்தியைத் தவிர சொந்தக்காரரும் தொடவில்லை. உங்களுடையதை நீங்கள் கடைசியாக எப்போது தொட்டீர்கள்?