உன் அத்தானின் கைராசி

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மூளையைப் பற்றி நீ விசாரிக்கவில்லை. ஆனாலும் உன் அத்தானுடையதைப் பற்றிச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

உன் மருமகளைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பித்தோமே, நாற்பது இடத்துக்கு முந்நூறு பிள்ளைகள், அதனால் குலுக்கல், பெற்றோரே சீட்டு எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கிடைக்காவிட்டால் இந்தப் பொடிசு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அன்றே உன் அத்தான் பயிற்சியில் இறங்கிவிட்டார். சீட்டு எடுக்கப் பயிற்சி! லிப்ட் பட்டனைப் பத்துத் தடவை அமுக்குகிறவர்களைப் பார்த்து, "அமுக்கினா சீக்கிரம் வந்துடுமா?" என்று சிரிக்கிற லிப்ட் மெக்கானிக் இவர், ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து, நாற்பதில் மட்டும் 'இடம் உண்டு' என்று எழுதி முந்நூறு சீட்டு போட்டு, அடியில் துழாவுவதா ஓரத்தில் துழாவுவதா என்று ஆராய்ச்சி. கடைசி வாரம் நாலு தடவை 'இடம் உண்டு' வந்ததாம். எத்தனை தடவை எடுத்ததில் என்று கேட்டேன். "அதெல்லாம் எண்ணக் கூடாது, கை தடுமாறும்" என்றார்.

குலுக்கலன்று பள்ளியில் வைத்திருந்ததோ பச்சை பிளாஸ்டிக் வாளி. உன் அத்தான் முகம் கறுத்துவிட்டது. பையிலிருந்து நம் வீட்டுப் பாத்திரத்தை எடுத்து, "மேடம், சீட்டையெல்லாம் இதுல மாத்திக்கலாமா? எனக்கு இதுலதான் கை பழகியிருக்கு" என்றார்.

"சார், இங்க குலுக்கல் நடக்குது, சமையல் இல்ல" என்றார் தலைமையாசிரியை. எனக்கு மானம் போயிற்று. அதோடு விட்டாரா? மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். முழங்கை வரை உள்ளே விட்டு அலசினார். பின்னால் நின்றவர், "என்ன சார், மீன் புடிக்கிறீங்களா?" என்றார். எடுத்துப் பிரித்தால் வெற்றுத்தாள்.

"பிளாஸ்டிக்ல கை வழுக்குது" என்று சபைக்கு அறிவித்துவிட்டு வெளியே போய்விட்டார். "நமக்கு இல்லையாம்மா?" என்று குழந்தை கேட்டாள். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் கிடைத்த இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுக்க, மிச்சமிருந்த பிள்ளைகளின் பெயர்களை வாளியில் போட்டார்கள். வாட்ச்மேன் கொட்டாவி விட்டபடியே ஒன்றை எடுத்தார். உன் மருமகள் பெயர்!

ஓடிப்போய்ச் சொன்னேன். உன் அத்தான் அசரவில்லை. "நான் வெளிய வந்தேன் பாரு, அதான்" என்றார். இப்போது எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் எந்த நிமிடத்தில் வெளியே போக வேண்டும் என்று பாடம் நடத்துகிறார். இந்த மகாஞானியோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைக்கு என் ஆசி. நீயாவது புத்தியோடு நீடூழி இரு.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உன்னோடு இருக்கட்டும். வாட்ச்மேன் கையை விட்டபோது நான் இடது கட்டைவிரலை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்; அதனால்தான் பெயர் வந்தது. உன் அத்தானுக்கு என்ன தெரியும்? அடுத்த வருடம் உன் மகனுக்கும் குலுக்கல்தானே? நான் வந்து சேரும்வரை யாரையும் சீட்டைத் தொட விடாதே.