தொகுதி அங்கிளின் வேட்புமனு

அயர்லாந்தில் ஒரு பட்டிக்காட்டுத் தொகுதி இருந்தது. பக்கத்துத் தொகுதியோடு சேர்த்து அதை ஒழித்துக்கட்டியபோது அந்த ஊர்க்காரர்கள்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். உலகத்திலேயே அதற்காகத் துக்கம் காத்த ஒரே ஆள் எங்கள் தொகுதி அங்கிள்தான். மலேசியத் தமிழர், ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கி வேர்ஹவுஸில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அயர்லாந்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. தொகுதியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் தேட ஆரம்பிப்பீர்கள். நான் பட்டது போதும்.

ஆக்லாந்துக்கு வந்த புதிதில் அவருக்கு வாடகைக்கு அறை கொடுத்த ஐரிஷ் அம்மாள், சாகும்போது ஒரு பெட்டி நோட்டுப் புத்தகங்களை அவரிடம் விட்டுவிட்டுப் போனாராம். எல்லாம் அந்த அம்மாளின் சொந்தத் தொகுதி வரலாறு. வேறு யாராக இருந்தாலும் பெட்டியைக் கராஜில் போட்டிருப்பார்கள். இவர் படித்துத் தொலைத்துவிட்டார்.

நாள் முழுக்கக் குலுங்கி, இடுப்பு கழன்று டீ ரூமில் உட்கார்ந்தால், "தம்பி, அந்தக் காலத்துல எப்படி ஓட்டுப் போட்டாங்க தெரியுமா?" என்பார். தெரியும். நூறு தடவை கேட்டாயிற்று.

ஒருநாள் நாறிக்கிடந்த மைக்ரோவேவை யார் துடைப்பது என்று சண்டை. "ஓட்டெடுப்போம் லா" என்றார் தன் மலேசியப் பேச்சில். பழைய முறைப்படி ஒவ்வொருவரும் மேனேஜர் முன்னால் எழுந்து சத்தமாகப் பெயர் சொல்ல வேண்டுமாம். உள்ளே மீன் சூடாக்கியவர் மேனேஜர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற பதினொரு பேரும் எழுந்து நின்று என் பெயரைச் சொன்னார்கள். அங்கிளும்தான்.

"பாத்தியா? அங்கயும் இதே கதிதான். பண்ணையார் முன்னால எவன் வாயத் தொறப்பான்?" என்று பூரித்துப்போனார். நான் துடைத்தேன்.

ஆனால் கடைசித் தேர்தலுக்கு வந்தால் மட்டும் மனிதருக்கு ரத்தம் கொதிக்கும். ஜெயித்திருக்க வேண்டிய ஒரு கிழவர், வேட்புமனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம். எதிர்த்து நின்றவர் போட்டியே இல்லாமல் ஜெயித்துவிட்டார். "கோழை லா அவன்! நின்னு தோத்தாலும் மரியாதையா இருந்திருக்கும்!" என்று மேசையைக் குத்துவார். என் டீ சிந்தும்.

பிறகு எங்கள் தலையிலேயே விடிந்தது. எங்களை மங்கரே கிளையோடு சேர்க்கப்போகிறார்களாம். அங்கே ஃபோர்க்லிஃப்டுக்கு ஒரே ஓர் இடம். இங்கே அங்கிளும் நானும். வேண்டுமென்பவர் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் போர்டில் இருக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும்.

அங்கிள் சீனியர். அவர் எழுதினால் அவருக்குத்தான். எனக்கோ வேலை போனால் விசா போச்சு. மனைவி, மகளோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். திங்கட்கிழமையே எழுதிவிட்டேன்.

அந்த வாரம் அங்கிள் அயர்லாந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேனேஜர் தாளைக் கிழித்து எடுத்தார். என் பெயர் மட்டும் இருந்தது.

கார் பார்க்குக்கு ஓடினேன். அங்கிள் காருக்குள் உட்கார்ந்து அவர் ஊர்ச் சமோசாவான கறிபாப் தின்றுகொண்டிருந்தார்.

"ஏன் அங்கிள் பேர் எழுதல?"

"பேனா கெடைக்கல லா."

சட்டைப் பையில் மூன்று பேனா குத்தியிருந்தது. "இப்படிப் போனதுக்குத்தானே அந்தக் கிழவரக் கோழைன்னு திட்டுவீங்க?" என்றேன்.

"சும்மா திட்டிட்டேன் தம்பி. எதுத்து நின்னவனுக்குப் புள்ளகுட்டி இருந்திருக்கும்" என்று கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மங்கரேயில் டீ நேரம் நிம்மதியாகத்தான் போகிறது. யாரும் மேசையைக் குத்துவதில்லை. சனிக்கிழமைதோறும் அங்கிளுக்குப் போன் போட்டு, "அந்தக் காலத்துல எப்படி ஓட்டுப் போட்டாங்க அங்கிள்?" என்று கேட்கிறேன். ஒரு மணி நேரம் சொல்கிறார். நானாகப் போனை வைப்பதே இல்லை.