தலைக்கனம் நிறுத்த தவளைக்குப் பதினோரு ஓட்டு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருப்பதுடன், இந்தக் கடிதத்தை உட்கார்ந்தே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நின்றுகொண்டு படித்துத் தாங்கக்கூடிய வெற்றி அல்ல இது.

"தவளைக் கதை படிக்கிறீங்களாமே மாப்பிள்ளை, பால்புட்டியும் வாங்கியாச்சா?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்பதைத் தாங்க முடியாமல் உங்கள் தங்கை என்னை நூலக வாசகர் வட்டத்தில் சேர்த்துவிட்டாள் என்பதும், பழைய குழந்தைப் புத்தகங்களில் எதையெல்லாம் கழித்துக்கட்டலாம் என்று ஆளுக்கொன்றாகப் படித்துச் சொல்ல நூலகர் அம்மா பிரித்துக் கொடுத்தபோது என் தலையில் வந்து விழுந்தது இந்தத் தவளை என்பதும் உங்களுக்குத் தெரியாது. "பத்து வருஷமா யாரும் தொடல சார். குறை மட்டும் எழுதிக் குடுங்க, போதும்" என்றார். முப்பத்திரண்டு வருடம் கடை கடையாகத் தராசு சோதித்து, குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவனிடம் இப்படிச் சொல்லலாமா? ஒரே மூச்சில் இருபத்தேழு குறை எழுதினேன்.

குறைக்கா பஞ்சம்! ஒரு சிறுமி கொட்டாவி விடுகிறாள், அந்தக் கொட்டாவிக்குள்ளேயே விழுந்து வேறு ஊருக்குப் போய்விடுகிறாள். அங்கே மாடிப்படிக்கு முழங்கால் வலி. குடைகள் மழைக்குப் பயந்து வீட்டுக்குள் ஓடுகின்றன. 'ஆதாரம் இல்லை', 'ஆதாரம் இல்லை' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனவன் பதினோராம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். சந்தை முனையில் ஒரு தவளை. உத்தியோகம், தராசு சோதனை! மச்சான், எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். ராஜா வருவார், திருடன் வருவான், எங்கள் இலாகா ஆள் ஒருத்தர்கூட வந்ததில்லை.

தவளை ராஜாவின் தலைக்கனத்தை நிறுக்கிறது. தட்டு தரையில் இடிக்கிறது. "எடையைக் குறைச்சு எழுது" என்கிறார் ராஜா. "தலையைக் குறைச்சுக்கிட்டு வாங்க, எழுதறேன்" என்கிறது தவளை. நான் சிரித்த சிரிப்பில் உங்கள் தங்கை கரண்டியோடு ஓடிவந்தாள். அடுத்து, அம்மாவைக் காணாமல் தேடும் அந்தச் சிறுமியின் மனபாரம் தட்டில் ஏறுகிறது. இருக்கிற எடைக்கல்லை எல்லாம் எதிரே வைத்தும் அது அசையவில்லை. தவளை தானே ஏறி மறு தட்டில் உட்கார்ந்துகொள்கிறது. தராசு நேராகிறது. நான் பேனாவை மூடிவிட்டேன்.

சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் குறைப்பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தப் புத்தகம் இருந்தே ஆக வேண்டும் என்றேன். பல் டாக்டர் எழுந்தார். "தவளை பேசும்னு எழுதினா பிள்ளைங்க நம்பிடும் சார்."

"வலிக்காதுன்னு நீங்க சொல்றதையே நம்புதுங்களே டாக்டர்!" என்றேன். அவர் உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை விடவில்லை. "இதுல என்ன பாடம் இருக்கு?"

"ஒரு பாடமும் இல்லைங்க டீச்சர். அதான் நல்லா இருக்கு."

பிறகு புத்தகத்தைப் பிரித்து நின்றபடியே வாசித்தேன். தவளை தட்டில் ஏறும் இடம் வந்தது. பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோற்றவர்கள் வேறென்ன செய்வார்கள்? வாசிப்பில் மூழ்கியிருந்ததால் நூலகர் அம்மா ஓட்டெடுப்புக்கு என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. நிமிர்ந்தால், பதிமூன்று பேரில் பதினோரு கை மேலே! தூக்காத இருவர் யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அன்று நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை மச்சான், ஊர்வலம் வந்தேன். ஊர்வலத்தில் நான் ஒருவன்தான் என்பது வேறு விஷயம்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் எடை குறையாமல் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
வென்று வந்த உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, நான்தான் எழுதறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்தார், படிச்சுட்டேன். அன்னைக்கு நானும் பின்வரிசையில இருந்தேன். பதினோராம் அத்தியாயத்தோட இவர் நிறுத்தவே இல்லை. பன்னிரண்டு, பதிமூணு, பதினாலுன்னு போய்க்கிட்டே இருந்தார். நூலகம் பூட்டற நேரம் தாண்டிப் போச்சு. "சார் இதோட உட்காரலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க"ன்னு அந்தம்மா கெஞ்சினாங்க. அந்தக் கைதான் பதினொண்ணு. டாக்டரும் டீச்சரும் மட்டும் தூக்கல. "ராஜா கதி என்னன்னு தெரியாம எப்படிங்க வீட்டுக்குப் போறது?"ன்னு ரெண்டு பேரும் ஒரே சண்டை. கழிக்கிற பட்டியல்ல இருந்து புத்தகத்தை எடுத்ததே அவங்க போட்ட சத்தத்துலதான். இப்ப அது டாக்டர் வீட்டுல இருக்கு. அடுத்து டீச்சர். மூணாவது நான். இவர் நாலாவது, அது இவருக்கு இன்னும் தெரியாது.